ரெஸ்யூமே வந்த நாள் முதல் அழிக்கும் நாள் வரை: சிங்கப்பூர் வேலை முகவைகளுக்கான தகவல் பாதுகாப்பு வழிகாட்டி

முன்பு நான் வேலை பார்த்த ஒரு சிறிய முகவையில் நடந்தது இது. கப்பல் பட்டறையில் எஸ் பாஸில் (நடுத்தரத் திறன் உள்ள வெளிநாட்டு ஊழியருக்கான வேலை அனுமதி) இருந்த ஒரு சூப்பர்வைசர், “நல்ல இடம் இருந்தால் சொல்லுங்கள்” என்று தன் ரெஸ்யூமேயை எங்களிடம் கொடுத்திருந்தார். எங்கள் ஊழியர் ஒருவர் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அதை ஐந்தாறு நிறுவனங்களுக்கு ஒரே மின்னஞ்சலில் தட்டிவிட்டார். அதில் ஒரு நிறுவனத்தின் மேலாளரும் அந்த சூப்பர்வைசரின் முதலாளியும் பழைய சிநேகிதர்கள். மறுநாள் காலை டீ நேரத்துக்குள் விஷயம் முதலாளியின் காதுக்குப் போய்விட்டது. பிற்பகலில் அந்த சூப்பர்வைசர் எங்களுக்கு போன் செய்தார். திட்டவில்லை. “அண்ணே, உங்களை நம்பித்தானே கொடுத்தேன்” என்று மட்டும் கேட்டார்.

எந்த ஹேக்கரும் வரவில்லை. எந்தக் கணினியும் உடைக்கப்படவில்லை. எங்கள் கையாலேயே அனுப்பினோம். அதற்குப் பிறகுதான் தகவல் பாதுகாப்புப் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். நம் தொழிலில் பெரும்பாலான கேடு இப்படி அன்றாட அனுப்புதலில், அவசரத்தில்தான் நடக்கிறது. இந்த வழிகாட்டியும் அதனால் ஒரு ரெஸ்யூமே போகும் பாதையிலேயே போகிறது. முகவை நடத்துபவர்களுக்காக எழுதினாலும், வேலை தேடுபவர்களும் படித்தால் தங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது என்று தெரியும்.

முதலில் சட்டம். சிங்கப்பூரின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012-இல் நிறைவேறியது. அதன் முக்கிய விதிகள் 2014 ஜூலை 2 முதல் நடப்பில் இருக்கின்றன. நாம் பேச்சில் பிடிபிஏ என்று சொல்வது இதைத்தான். இருநூறு பேர் வேலை பார்க்கும் நிறுவனமானாலும் தேக்காவில் ஒரு மேசை போட்டு நடத்தும் முகவையானாலும் சட்டம் ஒன்றுதான். தகவலுக்கு உரியவர் குடிமகனா, நிரந்தரவாசியா, வொர்க் பெர்மிட்டில் வந்தவரா என்ற பேதமும் கிடையாது. திருச்சியிலிருந்து நேற்று வந்து இறங்கியவரின் பாஸ்போர்ட் நகலுக்கும் அதே பாதுகாப்பு உண்டு. நம் தொழிலுக்கு மனிதவள அமைச்சு தரும் உரிமம் இதற்கு மேல் தனி.

படி 1: பொறுப்பாளரை நியமியுங்கள்

ஒவ்வொரு நிறுவனமும் ஒரு தகவல் பாதுகாப்பு அதிகாரியை நியமிக்க வேண்டும், அவரைத் தொடர்புகொள்ளும் வழியைப் பொதுமக்களுக்குத் தெரியப்படுத்த வேண்டும். இரண்டு பேர் கொண்ட முகவையில் உரிமையாளரே அந்த அதிகாரியாக இருக்கலாம். பெயரளவில் நியமித்துவிட்டு அந்த மின்னஞ்சல் பெட்டியை யாரும் திறக்காமல் விட்டால், நியமிக்காததற்குச் சமம். வாரம் ஒரு முறையாவது பாருங்கள்.

படி 2: ஒரே ஒருவரின் தகவலைத் தேடிப் பாருங்கள்

“எங்களிடம் என்னென்ன தகவல் இருக்கிறது?” என்று பொதுவாகக் கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது. அதற்குப் பதிலாக, ஆறு மாதத்துக்கு முன் விண்ணப்பித்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய தகவல் அலுவலகத்தில் எங்கெல்லாம் இருக்கிறது என்று ஒரு பிற்பகல் முழுக்கத் தேடுங்கள்.

நான் இதை முதல் தடவை செய்தபோது ஒரே மனிதரின் ரெஸ்யூமே 11 இடங்களில் கிடைத்தது. மின்னஞ்சல், வேலை இணையத்தளக் கணக்கு, பொதுக் கோப்புறை என்று எதிர்பார்த்த இடங்கள் சில. பிரிண்டர் பக்கத்தில் மறுபடி பயன்படுத்த வைத்திருந்த ஒருபக்கத் தாள் கட்டிலும் இருந்தது. ஒரு தற்காலிக ஊழியர் கொண்டுவந்த யூஎஸ்பியிலும் இருந்தது. ஆனால் என் வயிற்றைக் கலக்கியது வேறு. எங்கள் ஊழியர் ஒருவரின் சொந்தக் கைப்பேசியில், அவருடைய மகளின் பிறந்தநாள் படங்களுக்கு நடுவே, முன்பின் தெரியாத ஒருவரின் பாஸ்போர்ட் பக்கம். வாட்ஸ்அப்பில் வந்த படம் தானாக கேலரியில் சேமிக்கப்பட்டு, அங்கிருந்து அவருடைய சொந்த கிளவுட் கணக்குக்கும் போயிருந்தது. அவர் வேண்டுமென்று செய்த தவறில்லை. கைப்பேசி அப்படித்தான் அமைக்கப்பட்டிருந்தது.

ஆகவே இன்றைக்கே செய்யக்கூடிய ஒரு வேலை: வாட்ஸ்அப்பில் படங்கள் தானாகச் சேமிக்கப்படும் வசதியை அணைத்துவிடுங்கள். முடிந்தால் அலுவலக வேலைக்குத் தனிக் கைப்பேசி கொடுங்கள். கண்டுபிடித்த இடங்களை ஒரு தாளில் எழுதுங்கள். யார் பார்க்க முடியும், எதற்காக இருக்கிறது, எப்போது அழியும் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே குறியுங்கள். அந்தத் தாள்தான் மற்ற எல்லாப் படிகளுக்கும் அடிப்படை.

படி 3: குறைவாகக் கேளுங்கள்

நம்மிடம் இல்லாத தகவல் நம்மிடமிருந்து கசியாது. எத்தனை மென்பொருள் வாங்கினாலும் இதற்கு ஈடு கிடையாது என்பது என் அனுபவம்.

நம் ஊர்ப் பழக்கத்தில் பயோடேட்டா என்றால் தகப்பனார் பெயர், பிறந்த தேதி, மதம், திருமணமானவரா, சொந்த முகவரி, பாஸ்போர்ட் எண், பாஸ்போர்ட் அளவு படம் என்று எல்லாம் இருக்கும். கடைசியில் “மேற்கண்டவை உண்மை என உறுதி கூறுகிறேன்” என்று கையெழுத்தும் இருக்கும். அனுப்புகிறவர் மரியாதைக்காக எல்லாவற்றையும் எழுதுகிறார். வாங்குகிற நாம்தான் யோசிக்க வேண்டும். வயது, இனம், மதம், திருமண நிலை போன்றவை வேலைக்குத் தொடர்பில்லாதபோது விண்ணப்பப் படிவத்தில் கேட்கக் கூடாது என்று முத்தரப்பு (அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம்) வழிகாட்டி நெறிகள் பல வருடங்களாகச் சொல்லிவருகின்றன. இத்தகைய பாகுபாட்டைத் தடுக்கும் வேலையிட நியாயச் சட்டமும் 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஆகவே உங்கள் படிவத்திலிருந்து அந்தக் கட்டங்களை எடுத்துவிடுங்கள். ஒருவர் தானாக எழுதி அனுப்பினாலும், நிறுவனத்துக்குப் போகும் பிரதியிலிருந்து அவற்றை நீக்கிவிடுங்கள்.

ஐசி (சிங்கப்பூர் அடையாள அட்டை) எண் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கேட்டால் அல்லது ஒருவர் யார் என்பதைத் துல்லியமாக உறுதிசெய்தே ஆக வேண்டும் என்றால் ஒழிய, நிறுவனங்கள் ஐசி எண்ணையோ அட்டையின் நகலையோ வாங்கக் கூடாது. ஃபின் எண் (வெளிநாட்டவருக்கான அடையாள எண்), பாஸ்போர்ட் எண், வொர்க் பெர்மிட் எண் எல்லாவற்றுக்கும் இதே நிலைதான். நான் கடைப்பிடிக்கும் வரிசை இது. ரெஸ்யூமே வரும்போது பெயர், தொடர்பு எண், அனுபவம், தகுதி, எந்த வகை பாஸ் என்பது மட்டும். நேர்காணல் உறுதியானால் சான்றிதழ்களைப் பார்ப்போம். வேலை கிடைத்து ஒப்பந்தமோ பாஸ் விண்ணப்பமோ தொடங்கும்போதுதான் ஐசி அல்லது பாஸ்போர்ட் விவரம். நூறு பேர் விண்ணப்பித்து மூன்று பேருக்கு வேலை கிடைத்தால், மற்ற 97 பேரின் அடையாள எண் நம்மிடம் இருக்கவே இருக்காது.

பாஸ்போர்ட்டை, அதாவது அசலை, எந்தக் காரணம் சொல்லியும் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். “பத்திரமாக இருக்கும்” என்பது காரணமே இல்லை. அது அவர் கையில்தான் இருக்க வேண்டும்.

படி 4: அனுப்புமுன் கேளுங்கள்

இந்தப் படியில் தவறினால் மற்றது எதுவும் உதவாது.

ஒருவர் தானாக ரெஸ்யூமே கொடுத்தால், அந்த வேலைக்கு அவரைப் பரிசீலிக்க ஒப்புக்கொண்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அந்த ஒப்புதலை நாம் இழுத்துக்கொண்டே போகக் கூடாது. எலக்ட்ரீஷியன் வேலைக்குக் கொடுத்ததைக் காப்புறுதி விற்கும் நண்பருக்குக் கொடுக்க முடியாது. இன்னொரு முகவைக்குத் தள்ளிவிடவும் முடியாது. எந்த நோக்கத்துக்கு வாங்கினோமோ அந்த நோக்கத்துக்குத்தான் பயன்படுத்த வேண்டும்.

நான் சட்டம் கேட்பதைவிட ஒரு படி மேலே போகிறேன்: ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனியாகக் கேட்கிறேன். வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி போதும்:

“வணக்கம் அண்ணே. துவாஸில் ஒரு பொறியியல் நிறுவனத்தில் சைட் சூப்பர்வைசர் வேலை இருக்கிறது. நிறுவனத்தின் பெயரை இந்தச் செய்திக்குக் கீழே தந்திருக்கிறேன். உங்கள் ரெஸ்யூமேயை அவர்களுக்கு அனுப்பலாமா? போன் நம்பரும் இப்போதைய சம்பளமும் இல்லாமல் அனுப்புவேன். உங்களுக்குத் தெரிந்தவர்கள் அங்கே இருந்தால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.”

கடைசி வரியைக் கவனியுங்கள். அந்த சூப்பர்வைசருக்கு அன்று அப்படி ஒரு வரி போயிருந்தால் போதும், பெயரைப் பார்த்ததும் வேண்டாம் என்று சொல்லியிருப்பார். சிங்கப்பூர் சின்ன ஊர். ஒரே துறையில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் அறிவார்கள். “சரி” என்று பதில் வந்தால் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவருடைய கோப்பில் சேமியுங்கள். பதில் வராவிட்டால் அனுப்பாதீர்கள். மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம் தொழிலில் வேண்டாம்.

அனுப்பும் பிரதியைத் தயாரிப்பதிலும் சில பொறிகள் உண்டு. வேர்ட் கோப்பில் ஐசி எண்ணின் மேல் கறுப்புப் பட்டை வரைந்து மறைத்தால் அது மறைவதில்லை. பட்டையை நகர்த்தினால் எண் கீழே அப்படியே இருக்கும். எண்ணையே அழித்துவிட்டு பிடிஎஃப் ஆக்குங்கள். எக்செல் பட்டியலில் சம்பளப் பத்தியை மறைத்துவிட்டு அனுப்பினால், எதிர்ப்பக்கத்தில் இரண்டு கிளிக்கில் திறந்துவிடுவார்கள். அனுப்ப வேண்டிய பத்திகளை மட்டும் புதிய கோப்பில் நகலெடுத்து அனுப்புங்கள். பல விண்ணப்பதாரர்களுக்கு ஒரே மின்னஞ்சல் போடும்போது எல்லா முகவரியையும் மறைநகல் (பிசிசி) கட்டத்தில் போடுங்கள். அனுப்பும் பொத்தானை அழுத்துமுன் பெறுநர் பெயரை வாய்விட்டுப் படியுங்கள். எங்கள் அலுவலகத்தில் இது விதி. ஒரே பெயரில் இரண்டு குமார்கள் இருக்கும் தொழிலில் இது நிறையக் காப்பாற்றியிருக்கிறது.

இலவச ஏஐ கருவிகளில் ரெஸ்யூமேயை அப்படியே ஒட்டி, “ஆங்கிலத்தைத் திருத்திக் கொடு” என்று கேட்பதும் இப்போது பெருகிவிட்டது. அதுவும் மூன்றாம் தரப்புக்குத் தகவல் கொடுப்பதுதான். பெயர், எண், முகவரியை எடுத்துவிட்டு ஒட்டுங்கள், அல்லது நிறுவனம் ஒப்பந்தம் போட்டு வாங்கிய கருவியை மட்டும் பயன்படுத்துங்கள்.

படி 5: அலுவலகத்துக்குள் பூட்டுங்கள்

கோப்புகளை அந்தந்த வேலையைக் கையாள்பவர் மட்டும் திறக்கும்படி வையுங்கள். மின்னஞ்சலுக்கும் கிளவுடுக்கும் இரட்டைச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு இன்னொரு உறுதிப்படுத்தலும் கேட்பது) கட்டாயம். ‘இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்’ என்று எந்தக் கோப்புறையையும் திறந்துவிடாதீர்கள். காகிதம் இருந்தால் பூட்டிய அலமாரி, குப்பைக்குப் போகுமுன் துண்டாக்கும் இயந்திரம். இவை தெரிந்த விஷயங்கள்தான்.

பலரும் தவறவிடுவது ஒன்று உண்டு. சம்பளச் சீட்டையோ ஒப்பந்தத்தையோ பிடிஎஃப்பில் பூட்டி, ஐசி எண்ணையோ அதன் ஒரு பகுதியையோ கடவுச்சொல்லாக வைக்கும் பழக்கம். ஐசி எண் நம்மை அடையாளம் காட்டும், அவ்வளவுதான். அது பல கைகளில் இருக்கும் எண், ரகசியம் கிடையாது. இப்படிப் பயன்படுத்துவதை நிறுத்தும்படி தகவல் பாதுகாப்பு ஆணையமும் இணையப் பாதுகாப்பு அமைப்பும் 2025 ஜூனில் சேர்ந்து அறிவுறுத்தின. விண்ணப்பதாரருடன் பேசி ஒரு தனிச் சொல்லை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: வெளிக் கைகளைக் கவனியுங்கள்

மென்பொருள் தருபவர், சம்பளக் கணக்கு பார்ப்பவர், அழைப்பு மையம், சென்னையிலோ மதுரையிலோ இருக்கும் துணை முகவர் என்று பலர் கையில் நம் விண்ணப்பதாரர்களின் தகவல் போகிறது. 2021-இல் வேலைவாய்ப்பு, வேலைத்திறன் கழகமான இ2ஐ-யின் தகவல் கசிந்தபோது, ஓட்டை இருந்தது அதற்கு அழைப்பு மையச் சேவை தந்த வெளி நிறுவனத்தின் மின்னஞ்சல் பெட்டியில். ஏறத்தாழ 30,000 பேரின் பெயர், ஐசி எண், தொடர்பு விவரம், கல்வி, வேலை விவரங்கள் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. வேலை தேடி வந்தவர்களின் தகவல்தான் அதுவும்.

ஆகவே வெளியார் ஒவ்வொருவருடனும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். எதற்குப் பயன்படுத்தலாம், எப்படிப் பாதுகாக்க வேண்டும், கசிந்தால் எவ்வளவு விரைவில் நமக்குச் சொல்ல வேண்டும், வேலை முடிந்ததும் எப்படி அழிக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். தகவல் வெளிநாட்டுக்குப் போனால், இங்கே உள்ளதற்கு ஒப்பான பாதுகாப்பு அங்கும் கிடைப்பதை நாம்தான் உறுதிசெய்ய வேண்டும். ஊரில் இருக்கும் துணை முகவர் நமக்கு மாமனோ மச்சானோ ஆனாலும் தாள் வேண்டும்.

படி 7: வேலையை விட்டுப் போகும் ஊழியர்

போகும் நாளன்றே அவருடைய கணக்குகளை மூடுங்கள். வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து எடுங்கள், சொந்தக் கைப்பேசியில் இருக்கும் கோப்புகளை உங்கள் முன்னிலையில் அழிக்கச் சொல்லுங்கள். விண்ணப்பதாரர் பட்டியலை எடுத்துக்கொண்டு புதிய முகவைக்குப் போவது இந்தத் தொழிலில் பலருக்குச் சாதாரணமாகப் படுகிறது. நிறுவனத்தின் கையிலுள்ள தகவலை அனுமதியில்லை என்று தெரிந்தே வெளியிட்டால், அல்லது தன் ஆதாயத்துக்குப் பயன்படுத்தினால், அந்த ஊழியரே தனிப்பட்ட முறையில் குற்றவாளி ஆகலாம். தண்டனை 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். இதை வேலையில் சேரும் நாளிலேயே சொல்லிவிடுங்கள். போகும் நாளில் சொன்னால் மிரட்டுவது போலிருக்கும்.

படி 8: “என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்டால்

விண்ணப்பதாரருக்கு இப்படிக் கேட்க உரிமை உண்டு. தன்னைப் பற்றி நம்மிடம் உள்ள தகவல், கடந்த ஓராண்டில் அது எப்படிப் பயன்பட்டது, யாருக்குப் போயிருக்கலாம் என்பதை அவர் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர முடியாவிட்டால், எப்போது தர முடியும் என்பதையாவது அந்த 30 நாளுக்குள் சொல்ல வேண்டும். தவறு இருந்தால் திருத்தச் சொல்லலாம். அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. வேலைக்குத் தகுதியானவரா என்று மதிப்பிடுவதற்காக மட்டுமே எழுதிவைத்த கருத்துகளைக் காட்ட வேண்டியதில்லை என்று ஒரு விலக்கு உண்டு. இருந்தாலும், அவரே படித்தால் முகம் வாடக்கூடிய எதையும் நேர்காணல் குறிப்பில் எழுதாதீர்கள் என்றுதான் எங்கள் ஊழியர்களிடம் சொல்கிறேன்.

படி 9: கசிந்துவிட்டால்

ஒளிக்காதீர்கள். முதல் மணி நேரத்தில் ஓட்டையை அடைத்துவிடுங்கள்: தவறாகப் போன மின்னஞ்சலைப் பெற்றவரை அழைத்து அழிக்கச் சொல்லுங்கள், திருடுபோன கணக்கின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். பிறகு என்ன போனது, யாருடையது என்று எழுதுங்கள். 500 பேர் அல்லது அதற்கு மேல் பாதிக்கப்பட்டால், அல்லது ஒருவருக்கே ஆனாலும் கணிசமான தீங்கு வரக்கூடியதென்றால், தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்குச் சொல்லியாக வேண்டும். தெரிவிக்க வேண்டிய கசிவுதான் என்று முடிவுக்கு வந்ததிலிருந்து 3 நாள்தான் அவகாசம், சனி ஞாயிறும் சேர்த்து. அந்த முடிவுக்கு வருவதையும் பொதுவாக 30 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது.

நம் தொழிலில் இருப்பவர்கள் அடிக்கோடிட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. கணிசமான தீங்கு தரும் தகவல்களின் பட்டியலில் சம்பளமும் இருக்கிறது. ஒருவரின் முழுப் பெயரும் சம்பளமும் சேர்ந்து கசிந்தால் அது அந்தப் பட்டியலுக்குள் வந்துவிடும். எண்ணிக்கை அப்போது ஒரு பொருட்டில்லை. நாம் அன்றாடம் எக்செல்லில் அனுப்பிக்கொண்டிருப்பது அதைத்தானே?

அபராதம் 1 மில்லியன் வெள்ளி வரை போகலாம். சிங்கப்பூரில் ஆண்டு வருவாய் 10 மில்லியனுக்கு மேல் உள்ள நிறுவனங்களுக்கு, 2022 அக்டோபர் 1 முதல், அந்த வருவாயில் 10 விழுக்காடு வரைகூடப் போகலாம். பாதிக்கப்பட்டவர் தானாக வழக்குப் போடவும் முடியும். மன உளைச்சலும் இழப்பாகக் கருதப்படும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டவரிடம் சொல்லும்போது சட்ட நடையில் எழுதாதீர்கள். என்ன நடந்தது, அவர் இப்போது என்ன செய்ய வேண்டும் என்பதை அவருக்குப் புரியும் மொழியில் சொல்லுங்கள். தமிழில் போன் செய்து சொன்னால் இன்னும் நல்லது. பெயரும் எண்ணும் மோசடிக்காரர் கைக்குப் போனால் அடுத்து ‘வேலை தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்’ என்ற அழைப்பு வரலாம். சந்தேகம் வந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு (மோசடித் தடுப்பு உதவி) எண்ணை அழைக்கச் சொல்லுங்கள். முகவை உண்மையானதுதானா என்று மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் உரிம எண்ணை வைத்துச் சரிபார்க்கலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

படி 10: அழியுங்கள்

பழைய ரெஸ்யூமே எப்போதாவது உதவும் என்று சேர்த்துவைப்பது முகவைக்காரர்களின் பழக்கம். தேவை முடிந்த தகவலை வைத்திருக்கக் கூடாது என்பது சட்டம். எத்தனை மாதம் என்று எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணை அது சொல்வதில்லை. நாமே முடிவுசெய்து எழுதிவைக்க வேண்டும். வேலை கிடைக்காதவரின் ரெஸ்யூமேயை நாங்கள் ஓராண்டு வைத்திருப்போம். அதற்குள் அவரிடம் “இன்னும் வேலை தேடுகிறீர்களா?” என்று ஒரு முறை கேட்போம். பதில் இல்லையென்றால் அழிப்போம். நம் சம்பளப் பட்டியலிலேயே இருக்கும் ஒப்பந்த ஊழியர்கள் வேறு கணக்கு. அவர்களின் வேலைவாய்ப்புப் பதிவுகளில் கடைசி இரண்டு ஆண்டுக்குரியவற்றை அவர்கள் விலகிய பிறகும் ஓராண்டு வைத்திருக்க வேண்டும். வரிக் கணக்குக்கான பதிவுகளை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை மதியம் இதற்கென்றே ஒதுக்குங்கள். படி 2-இல் எழுதிய தாளை எடுத்து ஒவ்வோர் இடமாகப் போங்கள். மீட்புப் பிரதிகளும் குப்பைக் கோப்புறையும் கணக்கில் சேர்த்தி.

நடுவில் யாராவது தன் ஒப்புதலைத் திரும்பப் பெற்றால் வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்க வேண்டாம். 10 வேலை நாளுக்குள் செய்து முடிப்பதைப் பொதுவான அளவாக வைத்துக்கொள்ளுங்கள். போன மாதம் ஜூரோங்கிலிருந்து ஒருவர் “வேலை கிடைத்துவிட்டது, என் விவரத்தை எடுத்துவிடுங்கள் அண்ணே” என்று எழுதியிருந்தார். நாங்கள் அனுப்பிய பதில் இது. அப்படியே எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளலாம்:

“வேலை கிடைத்ததில் சந்தோஷம் தம்பி. உங்கள் ரெஸ்யூமே, சான்றிதழ் நகல், இந்த வாட்ஸ்அப் உரையாடலில் வந்த படங்கள் எல்லாவற்றையும் இன்று அழித்துவிட்டோம். ஏப்ரலில் உங்கள் சம்மதத்தோடு இரண்டு நிறுவனங்களுக்கு அனுப்பியிருந்தோம். அவர்களையும் அழிக்கச் சொல்லி எழுதியிருக்கிறோம், பதில் வந்ததும் சொல்கிறேன். நீங்கள் அழிக்கச் சொன்னீர்கள், நாங்கள் அழித்தோம் என்பதற்கு ஆதாரமாக உங்கள் பெயரும் இன்றைய தேதியும் மட்டும் எங்களிடம் இருக்கும்.”